மலைக்காற்று சுத்தமானதா? – நெஞ்சக மருத்துவரிடம் கேளுங்கள்

போன இதழில் மலைக்காற்று பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வந்த கடிதங்களில் பாதி, டெல்லிப் புகை எங்கள் ஊர் வரை வந்துவிடுமா என்ற ரகம். குன்னூரில் நெஞ்சு நோய் பார்த்தே காலத்தை ஓட்டியவள் நான். வானத்தில் மிதக்கும் புகையைவிட மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் புகைதான் எனக்கு முதல் கவலை. அதனால் சில கேள்விகளுக்கு நீட்டி முழக்கியிருக்கிறேன், சிலவற்றுக்கு ஒரு வரியோடு சரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பாவுக்கு 68 வயது. பஞ்சாலையில் வேலை பார்த்தவர், பீடிப் பழக்கமும் இருந்தது. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் ஒரு மாதம் ஊட்டியில் தங்க வைத்தால் நுரையீரல் சுத்தமாகிவிடும் என்கிறார் சித்தப்பா. அழைத்துப் போகலாமா? – மதுரை வாசகி

டிசம்பரில் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலைக்கு அனுப்பினால் நெஞ்சு தேறும் என்பது வெள்ளைக்காரர் காலத்து நம்பிக்கை. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்த பிறகு, சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்களை உடம்பு தேற இங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். வெக்கை இல்லை, கொசு குறைவு, நல்ல சாப்பாடு, ஓய்வு. தேறினார்கள். அதில் காற்றுக்கு எவ்வளவு பங்கு, ஓய்வுக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆஸ்துமாவுக்கு மலை உதவிய இடங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் அப்படிப் பெயர் வாங்கிய ஊர். அங்கே குளிரோடு காற்றும் வறண்டிருக்கும். இளைப்பைக் கிளப்பும், மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிக்கு ஈரம் வேண்டும், அது இல்லாததால் அங்கே பெருகுவதில்லை. ஊட்டி அப்படியா? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர். மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் ஈரம். பீரோவில் வைத்த கோட்டில் வெள்ளைப் பூஞ்சணம். விடுதிகளில் தரும் கம்பளியை உதறினால் அடுத்த நிமிடம் பத்து தும்மல். டாவோஸில் குறையும் இளைப்பு ஊட்டியில் கூடவும் செய்யலாம்.

அடுத்தது உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரை ஊரைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே 95, 94 என்று காட்டுவது சகஜம். உங்கள் அப்பாவுக்கு மதுரையிலேயே 92 என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்தால் பாத்ரூமுக்கு நடந்து போவதற்குள் திணறுவார். குறையை ஈடுகட்ட உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். வேகமாக வாங்கினால் காற்றில் என்ன கலந்திருக்கிறதோ அதுவும் கூடுதலாக உள்ளே போகும். டிசம்பரில் காலையும் மாலையும் ஊட்டிக் காற்றில் கலந்திருப்பது என்ன என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

அவர் ஆசைப்பட்டால் ஏற்காடு போகலாம், உயரம் 1,500 மீட்டர் சுமார்தான். குளிரும் மழையும் இல்லாத நாட்களாகப் பார்த்து, முதலில் இரண்டு மூன்று நாள் மட்டும். போகும் முன் அவருடைய மருத்துவரிடம் ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிடுங்கள். இன்ஹேலரைத் தொடர வேண்டும். மலைக்குத்தான் வந்தாச்சே என்று வந்த மறுநாளே மருந்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் இரவு என் கிளினிக் கதவைத் தட்டியவர்கள் நிறைய பேர்.

ஜனவரி காலையில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஊருக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தட்டு நிற்பது தெரிகிறது. பத்து மணிக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. அது மூடுபனியா, புகையா? – ஊட்டி வாசகர்

பெரும்பாலும் புகை. மேகமாக ஏறி வரும் மூடுபனி நகரும், இது அசையாமல் நிற்கும். இதைக் கவனித்ததற்கே உங்களுக்கு ஒரு சபாஷ்.

மேகம் இல்லாத குளிர்கால இரவில் தரை சீக்கிரம் சூட்டை இழக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். இதனால்தான் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி முதலில் கொட்டுகிறது, பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகுகிறது. தோட்டக்காரர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த விஷயம். குளிர்காற்று கீழே தேங்கியிருக்க, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்கிறது. வழக்கமாக உயரே போகப் போகக் குளிர வேண்டும், இங்கே தலைகீழ். வெந்நீர் அடுப்பு, டீக்கடை அடுப்பு, பஸ் ஸ்டாண்டில் ஓடவிட்டு நிற்கும் என்ஜின், குப்பையில் வைத்த தீ, எல்லாப் புகையும் அந்த மூடி வரை ஏறி, மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவுகிறது. நீங்கள் பார்க்கும் தட்டு அதுதான். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி உடைகிறது.

ஊட்டியின் ஏரி, மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் பள்ளத்தில்தான் இருக்கின்றன. சமவெளி ஊரில் இதே அளவு புகை நாலா பக்கமும் கலைந்து போகும். இங்கே அது அடைபடுகிறது. மலையூரில் வண்டிகளும் அடுப்புகளும் குறைவுதானே என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். நடைப்பயிற்சிக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போவது இங்கே பெருமையான விஷயம். இளைப்பு உள்ளவர்கள் டிசம்பர், ஜனவரியில் ஒன்பதரைக்கு மேல் போங்கள், முடிந்தால் சரிவின் மேல் பக்கமாக. பெருமை கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை.

கொடைக்கானல் காட்டேஜில் குளிருக்காக இரும்புச் சட்டியில் கரி கனலை அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். புகையே இல்லை, சுகமாக இருந்தது. காலையில் எல்லோருக்கும் தலைவலி, மகளுக்கு வாந்தி. மலைப்பாதை வளைவுகளால் வந்ததா? – சென்னை வாசகர்

வளைவால் வரும் வாந்தி வண்டியை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஒரே அறையில் படுத்த எல்லோருக்கும் விடிந்ததும் தலைவலி என்றால் கார்பன் மோனாக்சைடுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். நீங்கள் தப்பித்திருக்கிறீர்கள் சார். இதைப் பயமுறுத்த எழுதவில்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் கரியைப் பற்றவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன.

விறகு எரியும்போது கண் எரியும், இருமல் வரும், நாமே வெளியே ஓடிவிடுவோம். கனன்ற கரியில் அந்த எச்சரிக்கை கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உயரத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அதிலும் குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில் துணி வேறு செருகியிருப்பார்கள்.

முக்கியமான ஒன்று. இந்த மாதிரி சமயத்தில் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். ஹீமோகுளோபினோடு ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அந்தச் சின்னக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். கதவைத் திறந்து, எல்லோரையும் வெளியே இழுத்து, 108-ஐ அழைத்து, அறைக்குள் கரி எரிந்தது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆக்சிஜன் கொடுப்பதுதான் வைத்தியம். கரிச்சட்டி, பார்பெக்யூ அடுப்பு, காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசர், மூன்றும் ஒரே ரகம். இரண்டு கம்பளி கூடுதலாகக் கேளுங்கள். கொடுக்காத விடுதியில் தங்காதீர்கள்.

என் மாமியாருக்கு 61 வயது. சிகரெட், பீடி வாசனையே ஆகாதவர். மூன்று வருடமாக இருமல், மேடேறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து டி.பி. இல்லை என்றுவிட்டார்கள். வீட்டில் கேஸ் இருக்கிறது, ஆனால் விறகடுப்பை விடமாட்டேன் என்கிறார். இருமலுக்கு அதுதான் காரணமா? – கோத்தகிரி வாசகி

நான் அதிகம் பார்த்த நோயாளி உங்கள் மாமியார்தான் அம்மா. பெயரும் ஊரும் மாறும், மற்றபடி இதே கதை. புகைபிடிக்காத பெண்ணுக்கு எப்படி நுரையீரல் சுருங்கும் என்று வீட்டு ஆண்கள் ஆச்சரியப்படுவார்கள். வாயால் பிடிக்கவில்லையே தவிர, கல்யாணமான நாளிலிருந்து தினமும் நாலைந்து மணி நேரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பிடித்திருக்கிறார். வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் புகையால் உலகம் முழுவதும் 2020-ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுப்படியை விட்டு நகராத பெண்களும் அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளும்தான் இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறவர்கள்.

மலை வீட்டுச் சமையலறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாழ்வான கூரை. குளிருக்காக ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் சாத்தியபடி. அடுப்புக்கு மேலே பரணில் அடுத்த வாரத்து விறகு காய்ந்துகொண்டிருக்கும். மழை மாதங்களில் ஈர விறகுதான் கிடைக்கும். ஊதுகுழலை வைத்து ஊதும்போது முகம் அடுப்புக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கும். அந்தச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று கறுப்பாக வரும், சோப்பு போட்டாலும் சட்டென்று போகாது. அதே பிசின்தான் மூச்சுக்குழாயிலும் படிகிறது. நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது இதைத்தான் தேய்த்துக் காட்டுவேன். எக்ஸ்ரே படத்தைவிட அதற்குப் பலன் அதிகம்.

இப்போது உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். கேஸ் இணைப்பு கொடுத்துவிட்டால் விறகு நின்றுவிடும் என்று சமவெளியில் உட்கார்ந்து நினைப்பவர்களுக்கு, மலையில் அடுப்படிதான் வீட்டின் ஹீட்டர் என்பது தெரியாது. உங்கள் மாமியார் பிடிவாதக்காரர் இல்லை, அவருக்குக் குளிர்கிறது. சிலிண்டர் காசு, அது தீர்ந்தால் மேடேறி வர ஆகும் நாட்கள், எல்லாம் அவர் கணக்கில் இருக்கிறது. விடச் சொல்லிச் சண்டை போடாமல் பிரித்துக் கேளுங்கள். சோறும் குழம்பும் கேஸில். குளிக்கிற வெந்நீருக்கு விறகு, ஆனால் அந்த அடுப்பு வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில். அதிக விறகு தின்பது வெந்நீர்தான், அதை வெளியே தள்ளினாலே பெரும்பகுதி புகை குறையும். உள்ளே எரித்தே ஆக வேண்டும் என்றால் கூரைக்கு மேலே வரை போகும் புகைக்குழாய் வேண்டும். போட்ட குழாயை வருடத்துக்கு ஒரு முறையாவது கரி தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது அலங்காரத்துக்குத்தான். பேரக்குழந்தை இருந்தால் தொட்டிலைச் சமையலறையில் கட்டாதீர்கள், கதகதப்பாக இருக்கும் என்று எல்லா வீட்டிலும் அங்கேதான் கட்டுகிறார்கள்.

டி.பி. இல்லை என்றதோடு விடாமல் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத சுருக்கம் அதில் தெரியும். கண்ணையும் காட்டிவிடுங்கள், அடுப்புப் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு உண்டு.

செல்போன் ஆப்பில் ஊட்டி காற்றுத் தரம் எப்போதும் பச்சையில், 'நல்லது' என்றுதான் வருகிறது. பிறகு என்ன பிரச்சினை? – கோவை கல்லூரி மாணவர்

தம்பி, இரண்டு விஷயம். கருவி இல்லாத இடத்துக்கும் ஆப் எண் காட்டும். செயற்கைக்கோள் படம், வானிலைக் கணக்கு, பக்கத்து ஊர்க் கருவி எல்லாவற்றையும் வைத்து அது போடும் மதிப்பீடு அது. மலையில் ஒரு வளைவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்று வேறு. பள்ளத்து பஸ் ஸ்டாண்டும் தொட்டபெட்டா உச்சியும் அந்த மதிப்பீட்டில் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும்.

இரண்டாவது, பச்சை என்றால் என்ன என்பது. நம் நாட்டுக் குறியீட்டில் பி.எம். 2.5 என்ற, 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் 'நல்லது'. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு நாளுக்குச் சொன்ன வரம்பு 15. ஆண்டுச் சராசரிக்கு அவர்கள் 5 என்கிறார்கள், நம் சட்ட வரம்பு 40. ஆக, 28 இருந்தாலும் உன் ஆப் பச்சையாகச் சிரிக்கும். டெல்லியோடு ஒப்பிட்டால் ஊட்டி சொர்க்கம்தான், மறுக்கவில்லை. டெல்லியோடு ஒப்பிட்டால் எந்த ஊர்தான் சொர்க்கம் இல்லை? இதற்கு முந்தைய கேள்வியில் சொன்ன கோத்தகிரி சமையலறையை எந்த ஆப்பும் அளப்பதில்லை, அதையும் சேர்த்துக்கொள்.

காற்று கெட்டால் கல்பாசி வளராது என்று எங்கோ கேள்விப்பட்டேன். மசாலாவுக்கு நாங்கள் வாங்குவதற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? – காரைக்குடி வாசகி

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மருத்துவம் படிக்காமல் போயிருந்தால் பாசி பார்த்துக்கொண்டு காட்டில் திரிந்திருப்பேன்.

நீங்கள் எண்ணெயில் தாளிக்கும் கல்பாசி செடி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் லைக்கன் என்ற உயிர். வேர் கிடையாது, இலையில் இருக்கும் மெழுகுத் தோல் கிடையாது. மழை, மூடுபனி, காற்றில் வரும் தூசி இவைதான் சாப்பாடு. நல்லதை மட்டும் உறிஞ்சி கெட்டதைத் தள்ள அதற்கு வசதியில்லை. கந்தகப் புகை பட்டால் உள்ளிருக்கும் பாசி முதலில் சாகும், பிறகு முழு உடலும் வெளிறி உதிரும். பாரீஸ் நகரத்துப் பூங்காவில் லைக்கன்கள் குறைந்திருப்பதைப் பார்த்து, இது காற்றைச் சொல்லும் அளவுகோல் என்று நைலாண்டர் என்ற அறிஞர் 1866-லேயே எழுதிவிட்டார்.

குன்னூரில் நீங்களே பார்க்கலாம். ஒதுக்குப்புறச் சோலையில் கிளைகளிலிருந்து வெளிர்பச்சைத் தாடி தொங்கும், தொட்டால் ஈரக் கம்பளி நூல் போலிருக்கும். இந்தத் தாடி ரகம்தான் புகையை அறவே தாங்காது. எஸ்டேட் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் கல்பாசி மாதிரி இலை இலையாக ஒட்டியிருக்கும் ரகம். பஸ் போகும் சாலையோர மரத்துக்கு வந்தால் பட்டையில் சுண்ணாம்புத் திட்டு போல ஒட்டிய ரகம் மட்டும், சில மரங்களில் அதுவும் இல்லை. விருந்தினர் வந்தால் இந்த மூன்று மரத்தையும் தொட்டுப் பார்க்க வைத்துவிட்டுத்தான் டீ கொடுப்பேன்.

லைக்கன் சாட்சி சொன்ன ஒரு வழக்கு நம் ஊரிலேயே உண்டு. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 2001-ல் உடைந்த தெர்மாமீட்டர் கழிவுகள் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதும் மூடப்பட்டது. தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு போகும். ஹைதராபாத்திலிருந்து வந்த விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய மரங்களில் மரப்பாசியையும் (மாஸ்) லைக்கனையும் சுரண்டி எடுத்து, தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரிப் பக்கத்தோடு ஒப்பிட்டார்கள். கொடைக்கானல் பக்கம் பாதரசம் பல மடங்கு அதிகம். காற்று அன்றன்றைக்கு மாறிவிடும், மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த லைக்கன் அதைச் சேமித்து வைத்திருந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக நிறுவனத்தோடு உடன்பாடு 2016-ல்தான் வந்தது. பதினைந்து வருடம்!

அதற்காகக் கல்பாசியைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு குழம்புக்கு ஒரு சிட்டிகைதானே. எங்கிருந்து பறித்தது என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கேளுங்கள்.

சோலைக்காடுகள் புகையால் அழியுமா? – திருச்சி தாவரவியல் மாணவி

ஐரோப்பாவில் அப்படி நடந்திருக்கிறது. செக், ஜெர்மனி, போலந்து எல்லை மலைகளில், பழுப்பு நிலக்கரி எரித்த மின்நிலையங்களின் கந்தகப் புகையால் 1970, 80-களில் ஊசியிலைக் காடுகள் பரப்பு பரப்பாகப் பட்டுப்போயின. கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் வண்டிப் புகையிலிருந்து உண்டான ஓசோன், பக்கத்து சான் பெர்னார்டினோ மலைப் பைன் மரங்களை மஞ்சளாக்கியது. மலைக்காட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூடுபனித் துளியில் தண்ணீர் குறைவு, அதனால் கரைந்திருக்கும் அமிலம் மழைத்துளியைவிடச் செறிவாக இருக்கும். அந்தத் துளியில் மணிக்கணக்காக நனைந்து நிற்பது மலை மரம்.

ஆனால் நீலகிரிச் சோலைகள் புகையால் அழிகின்றன என்று நான் சொல்ல மாட்டேன். சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம், கட்டடம், காட்டுத்தீ இவைதான் அவற்றுக்கு முதல் எதிரிகள். புகை வரிசையில் பின்னால்தான் நிற்கிறது.

மேட்டுப்பாளையம்–குன்னூர் ரூட்டில் வேன் ஓட்டுகிறேன். மலை கெட்டுப்போவதற்கு நாங்கள்தான் காரணம் என்று இ-பாஸ் வரிசையில் நிற்கும் கார்க்காரர்களே திட்டுகிறார்கள். நியாயமா டாக்டரம்மா? – மேட்டுப்பாளையம் ஓட்டுநர்

பாதி நியாயம். பதினாலு கொண்டை ஊசி வளைவையும் லோடோடு இரண்டாம் கியரில் ஏற்றும்போது டீசல் அதிகம் எரியும். மேலே ஏற ஏறக் காற்று மெலிவதால் பழைய என்ஜினில் எரிதல் முழுமையாக நடக்காது, கறுப்பாகத் தள்ளும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் துகள் வடிகட்டி இருக்கிறது. அடைத்துக்கொள்கிறது, இழுவை போகிறது என்று சில ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றிவிடுகிறார்களாமே? அதை மட்டும் செய்யாதீர்கள் ஐயா.

மீதிப் பாதி உங்கள் பக்கம். உங்கள் வேனில் பன்னிரண்டு பேர், உங்களைத் திட்டும் காரில் இரண்டு பேர். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே போட்டார்கள். வண்டியை எண்ணுவதைவிட, ஆளை எண்ணி வண்டியைக் குறைப்பது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. பஸ்ஸை ஏற்றட்டும், தனிக் காரைக் கீழே நிறுத்தட்டும்.

இன்னொன்று. ஏறும்போது சைலன்சர் புகை என்றால், இறங்கும்போது பிரேக் தூசி. பர்லியாருக்கு வருவதற்குள் சில வண்டிகளில் கருகிய வாடை வருமே, அது சூடேறிய பிரேக் பேடின் வாடை, பேடு தேய்ந்து உலோகத் துகளும் கூடவே பறக்கும். கியரில் இறக்கத் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் அதைக் குறைக்கிறீர்கள். வாடகைக் கார் எடுத்து வரும் சமவெளிப் பையன்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.

மார்ச் கடைசியில் முக்திநாத் யாத்திரை. காத்மாண்டுவில் புகை அதிகம் என்கிறார்கள். இமயமலையிலுமா? எனக்கு லேசான ஆஸ்துமா. – ஸ்ரீரங்கம் வாசகர்

இமயமலையில்தான். காத்மாண்டு சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. ஊட்டிப் பள்ளத்துக்குச் சொன்ன கதையைப் பெரிய அளவில் நினைத்துக்கொள்ளுங்கள். வாகனப் புகை, செங்கல் சூளை, அதோடு மார்ச் முதல் மே வரை நேபாளக் காட்டுத்தீ. நீங்கள் போவது சரியாக அந்தச் சமயம். காத்மாண்டுவில் என்95 முகக்கவசம் போடுங்கள், அங்கே கூடுதலாக நாள் தங்காதீர்கள்.

புகை அங்கேயே நிற்பதும் இல்லை. பகலில் சரிவு சூடாகிக் காற்று பள்ளத்தாக்கு வழியே மேலேறும். சமவெளிப் புகையும் அதோடு ஏறும். எவரெஸ்ட் பக்கத்தில் 5,079 மீட்டர் உயரத்தில் 2006-ல் ஓர் ஆய்வு நிலையம் வைத்தார்கள். மழைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில், பிற்பகலில், அந்த உயரத்திலேயே கரித்துகள் கூடுவதை அது அளந்தது. கரி பனிமேல் படிந்தால் வெள்ளை மங்குகிறது, வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சுகிறது, பனி சீக்கிரம் உருகுகிறது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிற்கும் பழுப்புப் புகைப்படலத்தை 1999-ல் பெரிய குழுவாகப் போய் அளந்தவர்களில் முன்னணியில் நின்றவர் வீரபத்ரன் ராமநாதன் என்ற காலநிலை விஞ்ஞானி, தமிழ்நாட்டில் பிறந்தவர். கரித்துகள் காற்றில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம். அதனால் அடுப்பையும் டீசலையும் சரி செய்தால் பலன் உடனே தெரியும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். நூற்றாண்டுக்கணக்கில் தங்கும் கார்பன் டை ஆக்சைடில் இந்த வசதி கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோம் ஊருக்கு விமானம் காலையில் மட்டும்தான், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று அடித்துத் தூசி கிளப்பும். அதே நேரக் கணக்கை உங்கள் மூச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே நடப்பதெல்லாம் காலையில். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் ஏறி இறங்கும் பேக்கேஜை வாங்காதீர்கள், ஜோம்சோமில் ஓர் இரவு தங்குங்கள். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், விமானத்தில் போட்ட பெட்டியில் வேண்டாம். கோயிலின் 108 நீர்த்தாரையிலும் குளித்தே தீருவேன் என்றால், அந்தக் குளிர்நீர் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு குளியுங்கள். தலையில் தெளித்துக்கொண்டாலும் பெருமாள் கோபிக்கமாட்டார்.

துணி முகக்கவசம் காட்டுத்தீப் புகைக்குப் போதுமா? – பெரியகுளம் வாசகி

போதாது. நுண்துகள் துணிக்குள் புகுந்து வரும். என்95, அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல். புகை நாட்களில் வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்காதீர்கள். ஊதுவத்தியும் கொசுவத்தியும் அன்றைக்கு லீவு.

நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடித்தால் புகையால் வந்த சளி போகுமா? – சேலம் வாசகர்

மூக்கு திறந்த மாதிரி இருக்கும், நுரையீரலுக்குள் படிந்தது போகாது. ஆஸ்துமாக்காரர்களுக்குத் தைல நெடியே இளைப்பைக் கிளப்பலாம். வெறும் வெந்நீர் ஆவி போதும். குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம், வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தைலத்தை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது, அது விஷம்.

டீ ஃபேக்டரி பக்கத்தில் வீடு வாங்கலாமா? – குன்னூருக்குக் குடிவரும் ஓய்வு பெற்ற தம்பதி

இலையை வதக்கவும் உலர்த்தவும் பல ஃபேக்டரிகளில் விறகுதான் எரிகிறது, சீசனில் ராத்திரியிலும். வாங்குவதற்கு முன் ஒரு ஜனவரி மாதக் காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று பாருங்கள். புகைபோக்கி உங்கள் ஜன்னலைவிட உயரத்தில் இருக்கிறதா, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். புரோக்கர் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் வீட்டைக் காட்டுவார்.